காற்றும் கடிகாரமும் துணையாக

1968 ஜூன் 14. இங்கிலாந்தின் ஃபால்மத் துறைமுகத்திலிருந்து 32 அடி நீளமுள்ள ஒரு பாய்மரப் படகு புறப்பட்டது. அதில் இருந்தவர் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் என்ற 29 வயது மாலுமி ஒருவரே. எத்துறைமுகத்திலும் தங்காமல், எவர் உதவியும் பெறாமல், தன்னந்தனியே உலகைச் சுற்றிவரும் போட்டி அது. புறப்பட்ட ஒன்பது பேரில் பயணத்தை முடித்தவர் இவர் மட்டுமே. இவருடைய ‘சுஹைலி’ பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டப்பட்ட படகாகும்.

எதிர்க்காற்று வீசினால் பாய்மரப் படகு எப்படி முன்னேறும்? வளைந்த பாய், காற்றின் திசையைத் திருப்புகிறது. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி காற்றும் பாயைத் தள்ளுகிறது. இவ்விசையின் பெரும்பகுதி படகைப் பக்கவாட்டில் தள்ளும். சிறுபகுதி முன்னே இழுக்கும். நீருக்குள் நெடுக நிற்கும் ‘ஏரா’ என்னும் கனத்த அடிமரம் பக்கவாட்டு நகர்ச்சியைத் தடுப்பதால் படகு முன்செல்கிறது. ஈரமான புளியங்கொட்டையை இரு விரல்களுக்கிடையே அழுத்தினால் அது முன்னே பாய்கிறதல்லவா? அதுபோலத்தான் இதுவும். ஆனால் காற்றுக்கு நேரெதிரே செல்ல இயலாது. சுமார் 45 பாகை விலகி, இடமும் வலமுமாக மாறிமாறிச் செல்லவேண்டும். 10 கிலோமீட்டர் முன்னேற 14 கிலோமீட்டர் ஓடியாக வேண்டும்!

அடுத்த கேள்வி, நடுக்கடலில் நாம் எங்கே இருக்கிறோம் என்பது. பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது. அதாவது மணிக்கு 15 பாகை. சூரியன் தொடுவானத்துக்கு மேல் எவ்வளவு உயரத்தில் உள்ளது என்பதைச் செக்ஸ்டண்ட் கருவியால் அளந்து, அந்த நேரத்தைக் குறித்துக்கொண்டால், கணக்கிட்டு இடத்தை அறியலாம். ஆனால் கடிகாரம் ஒரு நிமிடம் பிசகினால், நிலநடுக்கோட்டருகே கணக்கு சுமார் 28 கிலோமீட்டர் தவறிவிடும். இரவில் பாறைக் கரையை நெருங்கும் மாலுமிக்கு அந்த ஒரு நிமிடம் உயிர்ப் பிரச்சினை.

சுற்றிலும் நீர் இருந்தும் குடிக்க இயலாது. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு உள்ளது. நம் சிறுநீரகத்தால் அவ்வளவு செறிவான உப்பை வெளியேற்ற முடியாது. எனவே கடல்நீரைக் குடிப்பவன் உடலிலுள்ள நீரையும் இழக்கிறான். தென்கடலில் ஒரு பேரலை தாக்கியபின் நாக்ஸ்-ஜான்ஸ்டனின் தொட்டி நீர் கெட்டுவிட்டது. பாயில் வழிந்த மழைநீரைச் சேர்த்தே அவர் நாட்களைக் கழித்தார். செய்தி அனுப்பும் வானொலிக் கருவியும் பழுதாயிற்று. 1968 நவம்பரில் நியூசிலாந்துக் கரையோரம் காணப்பட்டவர், 1969 ஏப்ரல் வரை உயிரோடிருக்கிறாரா என்பதே கரையிலிருந்தோருக்குத் தெரியாது. ஏப்ரல் 22 அன்று, 312 நாட்களுக்குப் பின், அவர் ஃபால்மத் திரும்பினார்.

இத்தனை துன்பத்திலும் கடலில் இன்பம் உண்டா? அதே போட்டியில் சென்ற பிரெஞ்சுக்காரர் பெர்னார் முவாத்தெசியே, பரிசை எதிர்நோக்கித் திரும்பாமல், கடல் வாழ்வே போதுமென்று மேலும் பயணம் செய்து தாகித்தித் தீவை அடைந்தார். ஆனால் டொனால்ட் குரோஹர்ஸ்ட் என்பவரின் படகோ 1969 ஜூலையில் ஆளின்றி மிதந்தது. தமக்குக் கிடைத்த 5,000 பவுன் பரிசை நாக்ஸ்-ஜான்ஸ்டன் அவருடைய குடும்பத்துக்கே அளித்துவிட்டார்.

2018-இல் இப்போட்டி மீண்டும் நடந்தபோது, செயற்கைக்கோள் வழிகாட்டியைப் பயன்படுத்தக்கூடாது என்பது விதி. இந்தியக் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி, இந்தியப் பெருங்கடலில் புயலில் பாய்மரம் முறிந்து, முதுகெலும்பில் அடிபட்டுக் கிடந்து, மூன்று நாட்களுக்குப் பின் மீட்கப்பட்டார். அவரே 2022-இல் மீண்டும் புறப்பட்டு, 236 நாட்களில் உலகைச் சுற்றி, 2023-இல் இரண்டாவதாக வந்து சேர்ந்தார்.

வகுப்பறையில் நாம் படிக்கும் விசைகளும் கோணங்களும் தேர்வுக்கு மட்டும் உரியன அல்ல. நடுக்கடலில் தனித்திருக்கும் மனிதனைக் கரை சேர்ப்பவையும் அவைதாம்.