கான்கிரீட்டைத் துளைப்பது சுழற்சியா, அடியா?

கான்கிரீட் அமுக்க விசையைத் தாங்குவதில் வலியது. இழுவிசையைத் தாங்குவதிலோ மிக மெலியது. அதன் இழுவலிமை, அமுக்க வலிமையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். கூரிய முனை ஒன்று அதன்மேல் மோதும்போது முனைக்கு அடியிலுள்ள பகுதி நொறுங்க, அதைச் சூழ எழும் இழுவிசையால் விரிசல்கள் பரவிச் சில்லுகள் பெயர்கின்றன. ஆகவே கான்கிரீட்டில் துளையை உண்டாக்குவது பெரும்பாலும் அடியே. முனையை ஒவ்வோர் அடிக்கும் புதிய இடத்துக்கு நகர்த்துவதும், நொறுங்கிய தூளைப் பிட்டின் திருகுப் பள்ளங்கள் வழியே வெளியேற்றுவதும் சுழற்சியின் வேலை. பேட்டரியில் இயங்கும் ரோட்டரி ஹேமரைத் தேர்ந்தெடுப்பவர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது இதுவே.

கடைகளில் அருகருகே விற்கப்படும் இருவகைக் கருவிகளின் வேறுபாடும் இதில்தான் அடங்கியுள்ளது. சாதாரண ஹேமர் டிரில்லில் பற்கள் கொண்ட இரு தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று உரசி ஏறி இறங்குவதால் நிமிடத்துக்குப் பல பத்தாயிரம் சிற்றதிர்வுகள் எழுகின்றன. ஆனால் அவற்றின் வலு, பிடித்திருப்பவர் எவ்வளவு அழுத்துகிறார் என்பதைப் பொறுத்தது. ரோட்டரி ஹேமரில் மோட்டாரால் முன்னும் பின்னும் இயங்கும் பிஸ்டன், சிலிண்டருக்குள் காற்றை அமுக்குகிறது. அந்தக் காற்று ஓர் எஃகுக் கட்டையை எறிய, அதன் மோதல் பிட்டுக்குச் செல்கிறது. அடிகள் நிமிடத்துக்குச் சில ஆயிரமே எனினும் ஒவ்வொன்றும் வலியது. எஸ்.டி.எஸ். பிளஸ் எனப்படும் 10 மி.மீ. காம்புடைய பிட், பிடிப்பானுக்குள் சற்றே முன்பின் நகர இடம் உள்ளதால் அடி வீணாவதில்லை.

அடியின் வலுவை ஜூல் என்னும் அலகால் குறிப்பர். 1 கிலோ எடையை 10 செ.மீ. உயர்த்தச் செலவாகும் ஆற்றல் ஏறக்குறைய 1 ஜூல். ஆங்கர் போல்ட்டுகளுக்கான 6 முதல் 12 மி.மீ. துளைகளுக்கு 2 ஜூல் அளவிலான கருவி போதும், 16 மி.மீ. அளவிலும் அதற்கு மேலும் அடிக்கடி துளையிடுவோருக்கு 3 ஜூல் அளவிலானது ஏற்றது. அதனினும் பெரிய துளைகளுக்கும், தொடர்ந்து கான்கிரீட் உடைப்பதற்கும் 18 மி.மீ. காம்புடைய எஸ்.டி.எஸ். மேக்ஸ் வகை தேவை.

பேட்டரியில் வோல்ட்டை மட்டும் பார்ப்பது போதாது. வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கினால் கிடைக்கும் வாட்-மணியே சேமிக்கப்பட்ட ஆற்றலின் அளவு. 18 வோல்ட், 5 ஆம்பியர்-மணி பேட்டரியில் 90 வாட்-மணி உள்ளது. 3 ஜூல் வலுவோடு நிமிடத்துக்கு 4,500 முறை அடிப்பதற்கு மட்டுமே 225 வாட் தேவைப்படுவதால், இழப்பே இல்லை என்று கொண்டாலும் அந்த பேட்டரி 24 நிமிடத் தொடர் அடிக்கே போதும். நாள் முழுதும் வேலை நடக்கும் தளத்தில் மாற்று பேட்டரிகளும் விரைவாக ஏற்றும் சார்ஜரும் இன்றியமையாதவை.

உடல்நலக் காப்பும் தேர்வின் பகுதியே. பிட் கான்கிரீட்டினுள் இருக்கும் இரும்புக் கம்பியில் சிக்கினால் கருவி திரும்பி மணிக்கட்டை முறுக்கும். அப்போது சுழற்சியைத் துண்டிக்கும் கிளட்ச் கட்டாயம் இருக்க வேண்டும். அதிர்வைப் பொறுத்தவரை, 8 மணி நேர வேலைநாளின் சராசரி 2.5 மீ/வி² அளவை எட்டினால் தடுப்பு நடவடிக்கை தேவை என்றும், 5 மீ/வி² அளவைத் தாண்டக் கூடாது என்றும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002ஆம் ஆண்டு நெறிமுறை வரையறுக்கிறது. 10 மீ/வி² அதிர்வுள்ள கருவி முதல் அளவை அரை மணியிலும், இரண்டாவதை 2 மணி நேரத்திலும் எட்டிவிடும். துளையிடும்போது எழும் நுண்ணிய சிலிக்கா தூசு நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் நோயை உண்டாக்குவதால், அமெரிக்க விதிகள் அதை ஒரு கன மீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராம் என்ற 8 மணி நேரச் சராசரிக்குள் கட்டுப்படுத்துகின்றன. எனவே தூசு உறிஞ்சும் இணைப்பைப் பொருத்தக்கூடிய கருவியே நல்லது.

வாங்குபவர் அன்றாடம் இடும் துளையின் விட்டத்தை முதலில் தீர்மானித்து, அதற்குரிய ஜூல் அளவையும் பிட் காம்பின் வகையையும் பார்த்து, கிளட்ச், அதிர்வு, தூசுக் கட்டுப்பாடு ஆகியவற்றை உறுதிசெய்த பிறகே விலையை ஒப்பிட வேண்டும்.