கூட்டுரிமையில் ஒரு வீடு: அடமானமும் முஷாரகாவும்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி எனச் சென்னையின் மேற்குப் புறநகர்களில் வாடகைக்குக் குடியிருக்கும் நம் குடும்பங்கள் பலவற்றில் ஒரு கேள்வி ஆண்டுக்கணக்கில் தீராமல் கிடக்கிறது. வட்டியைத் தவிர்க்க வேண்டும். தலைக்கு மேல் சொந்தக் கூரையும் வேண்டும். இரண்டும் ஒருசேர வாய்க்குமா? ‘வங்கிக் கடன் கூடாது’ என்ற ஒற்றைத் தொடரோடு இக்கேள்வியை நாம் முடித்துவிடுகிறோம். அதற்கு அப்பால் மார்க்கச் சட்டமும் நாட்டுச் சட்டமும் என்ன கூறுகின்றன என்பதை இங்கே காண்போம்.

ஈடும் போக்கியமும்

அடமானம் மார்க்கத்தில் விலக்கப்பட்டதன்று. ‘ரஹ்ன்’ எனப்படும் ஈட்டினை அல்பகரா அத்தியாயத்தின் 283ஆம் வசனம் அனுமதிக்கிறது. நபி (ஸல்) அவர்கள் தம் போர்க்கவசத்தை ஒரு யூதரிடம் ஈடாக வைத்து வாற்கோதுமை பெற்ற செய்தி புகாரியில் இடம்பெற்றுள்ளது. ஆகவே மூலப் பத்திரத்தைக் கடனுக்குப் பிணையாக ஒப்படைப்பதில் தடையில்லை. கடன் தொகைக்கு மேல் நிபந்தனையாகப் பெறப்படும் கூடுதலே தடைக்குரியது.

இந்த அளவுகோலை நம் ஊர் வழக்கமொன்றின் மீதும் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு பெருந்தொகையை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு, வாடகையின்றிக் குடியிருந்து, வெளியேறும்போது முழுத் தொகையையும் திரும்பப் பெறும் ‘போக்கியம்’ வட்டியற்றதென நம்மில் பலர் நம்புகின்றனர். 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம் இத்தகைய அனுபோக அடமானத்தை 58ஆம் பிரிவில் வரையறுக்கிறது. ஆனால் கடன் கொடுத்தவர் அக்கடனை முன்னிட்டு நிபந்தனையாகப் பெறும் பயன் எதுவும் வட்டியின் பாற்படும் என்பது ஃபிக்ஹு அறிஞர்களின் பொதுவான நிலைப்பாடு. வங்கி வாசலை மிதிக்காதவர் போக்கிய வீட்டில் அதே பிழைக்குள் நுழைந்துவிடக் கூடும்.

குறைந்து செல்லும் கூட்டு

இதற்கு மாற்றாக இக்கால அறிஞர்கள் முன்வைக்கும் வழி ‘முஷாரகா முதநாகிஸா’, அதாவது குறைந்து செல்லும் கூட்டுரிமை ஆகும். ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். வீட்டின் விலை 40 இலட்சம் ரூபாய். குடும்பம் 10 இலட்சமும் கூட்டாளி 30 இலட்சமும் இட்டு வாங்குகின்றனர். கூட்டாளியின் பங்கு 75 விழுக்காடு. முழு வீட்டின் மாத வாடகை 16,000 ரூபாய் எனில், குடியிருக்கும் குடும்பம் கூட்டாளிக்கு 12,000 ரூபாய் வாடகை தருகிறது. ஆண்டுக்கு 3 இலட்சம் கொடுத்து அவர் பங்கில் பத்தில் ஒன்றை வாங்குகிறது. இரண்டாம் ஆண்டில் அவர் பங்கு 67.5 விழுக்காடாகக் குறைய, வாடகையும் 10,800 ரூபாயாகக் குறைகிறது. பத்தாண்டு முடிவில் வீடு முழுமையாகக் குடும்பத்தின் உடைமையாகிறது.

வட்டிக் கடனிலிருந்து இதனைப் பிரிக்கும் கோடு இழப்பில்தான் தெரியும். வீடு இடிந்தாலோ விலை சரிந்தாலோ கூட்டாளியும் தம் பங்களவுக்கு நட்டம் ஏற்கிறார். இந்தப் பொறுப்பை ஏற்காதவர் பெயரளவில் மட்டுமே கூட்டாளி.

நம் நாட்டில் உள்ள தடைகள்

இம்முறையை இந்திய வங்கிகள் வழங்க இயலாமைக்குக் காரணம் உண்டு. 1949ஆம் ஆண்டின் வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, வங்கி தன் பயன்பாட்டுக்கல்லாத அசையாச் சொத்தை 7 ஆண்டுகளுக்கு மேல் வைத்திருக்கலாகாது என்கிறது. 2008இல் ரகுராம் ராஜன் குழு வட்டியில்லா வங்கிச் சேவைக்குப் பரிந்துரைத்தது. எனினும் அத்திட்டத்தைத் தொடர்வதில்லை என ரிசர்வ் வங்கி முடிவெடுத்த செய்தி 2017இல் வெளியாயிற்று.

மற்றொரு தடை பதிவுச் செலவு. தமிழ்நாட்டில் 2023 ஏப்ரல் முதல் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடும் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடும் ஆகும். 40 இலட்சம் வீட்டுக்கு 3.6 இலட்சம் செலுத்திய பின், கூட்டாளியின் 30 இலட்சம் பங்கைக் கிரயமாகப் பெற மேலும் 2.7 இலட்சம் வேண்டும். இத்தகைய இரட்டைத் தீர்வையை இங்கிலாந்து 2003ஆம் ஆண்டின் நிதிச் சட்டத்தால் நீக்கியது. நம் நாட்டில் அத்தகைய சலுகை வரவில்லை.

கைக்கெட்டும் வழி

ஆயினும் குடும்பத்தாருக்குள் இக்கூட்டு இயலக் கூடியதே. சகோதரர்கள் சேர்ந்து வாங்கி, ஒருவர் மற்றவரின் பங்கைப் படிப்படியாகப் பெறலாம். குடும்பத்தாருக்கிடையிலான விடுதலைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 1 விழுக்காடே. அதற்கு உச்சவரம்பும் உண்டு. ஆனால் மூன்று செய்திகளைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

முதலாவது, பங்களவைப் பத்திரத்திலேயே எழுதுவது. அவரவர் இட்ட தொகைக்குச் சான்று இல்லாதபோது, சம பங்கெனக் கொள்ளுமாறு சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 45ஆம் பிரிவு கூறுகிறது. இரண்டாவது, பணம் கொடுப்பவர் பெயர் ஆவணத்தில் இருப்பது. சகோதரர் பெயரில் மட்டும் பத்திரம் எழுதினால், 2016இல் திருத்தப்பட்ட பினாமி தடைச் சட்டத்தின் விலக்கு கிட்டாமற் போகலாம். இருவரும் கூட்டு உரிமையாளராக ஓர் ஆவணத்தில் இடம்பெற்றிருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. மூன்றாவது, ‘ஷுஃப்ஆ’ எனும் முன்வாங்கும் உரிமை. பிரிபடாத சொத்தில் பங்காளிக்கு இவ்வுரிமையை மார்க்கம் வழங்குகிறது. ஆனால் சென்னை உயர் நீதிமன்றம் 1870இலேயே இதனைச் சட்டமாக ஏற்க மறுத்துவிட்டது. ஆதலின் ஒப்பந்தத்தில் அதனை எழுதிக்கொள்வதே பாதுகாப்பு.

மனைவியின் பங்கு

இறுதியாக, நாம் பேசத் தயங்கும் ஒன்று. மனைவியின் நகையை விற்று முன்பணம் கட்டிய வீடுகள் நம்மிடையே எத்தனை! பத்திரமோ கணவர் பெயரில் மட்டும். பெற்றோர் உயிருடன் இல்லாத நிலையில் அவர் மனைவியையும் ஒரு மகனையும் ஒரு மகளையும் விட்டு இறந்தால், கடனும் மரண சாசனமும் போக, மனைவிக்குக் கிடைப்பது எட்டில் ஒன்று. அவள் கொடுத்தது அன்பளிப்பா, கடனா, பங்கா என்று சொல்ல ஓர் எழுத்தும் இராது. பாதி உரிமை அவள் பெயரில் எழுதப்பட்டிருந்தால், அந்தப் பாதியோடு கணவரின் பாதியில் எட்டில் ஒன்றும் சேர்ந்து பதினாறில் ஒன்பது பங்கு அவளுடையதாகும். எஞ்சிய ஏழு பங்கை மகனும் மகளும் இரண்டுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொள்வர்.

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறு பணிக்கும் வசனமே குர்ஆனில் மிக நீளமானது. வட்டியை அஞ்சுவதில் நாம் காட்டும் பேணுதலை, உரியவரின் பங்கை எழுதுவதிலும் காட்டக் கடமைப்பட்டுள்ளோம்.