பாதாளத்திற்கு ஒரு பயணம்

மனிதன் 1969ஆம் ஆண்டில் நிலவில் கால் பதித்தான். நிலவு நம்மிடமிருந்து ஏறத்தாழ 3,84,000 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. ஆனால் தன் காலடி மண்ணுக்குள் அவன் எவ்வளவு ஆழம் துளைத்திருக்கிறான்? சோவியத் அறிஞர்கள் கோலா தீபகற்பத்தில் 1970இல் துளையிடத் தொடங்கி, 1989இல் 12,262 மீட்டரை எட்டினர். அதுவும் ஒரு சாண் அகலமே உள்ள துளை. புவியின் மையமோ 6,371 கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. அந்த வழியில் ஐந்நூறில் ஒரு பங்குகூட நாம் கடக்கவில்லை. புவியை ஒரு மாம்பழம் எனக் கொண்டால் தோலையே இன்னும் தாண்டவில்லை எனலாம்.

அறிவு செல்ல இயலாத இடத்திற்குக் கற்பனை முன்னதாகவே சென்றுவிடுகிறது. அவ்வாறு சென்ற கதைகளுள் தலையாயது, பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல்ஸ் வெர்ன் 1864இல் வெளியிட்ட 'புவியின் மையத்திற்கு ஒரு பயணம்' என்னும் புதினம். திகில் கதைகள் வெறும் பொழுதுபோக்கு என்று நம்மில் பலர் ஒதுக்கிவிடுகிறோம். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். இப்புதினத்தைப் படித்த பின்னர் அவ்வெண்ணம் மாறியது. அது மாறிய விதத்தையே இங்கு எழுத முற்படுகிறேன்.

கதைச் சுருக்கம்

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் வாழும் பேராசிரியர் லிடன்பிராக், ஒரு பழைய நூலுக்குள் புதிர் எழுத்துகள் கொண்ட தோல் சுவடி ஒன்றைக் காண்கிறார். அதைப் படித்து முடிக்கும்வரை வீட்டில் எவருக்கும் உணவு இல்லை என்று கதவைப் பூட்டிவிடுகிறார். வெப்பம் தாங்காமல் ஒரு தாளை விசிறியாக வீசிய அவருடைய மருமகன் ஆக்சல், பின்புறமிருந்து பார்க்கும்போது எழுத்துகள் பொருள்படுவதைத் தற்செயலாகக் காண்கிறான். சொன்னால் மாமா புறப்பட்டுவிடுவார் என்ற அச்சத்தில் மறைக்கிறான். பசி தாங்காமல் இறுதியில் சொல்லிவிடுகிறான். ஐஸ்லாந்தில் உள்ள ஸ்நைஃபெல்ஸ் என்னும் அணைந்த எரிமலையின் வாய் வழியே உள்ளே இறங்கலாம் என்பதே சுவடியின் செய்தி. ஜூன் மாத இறுதியில் ஒரு சிகரத்தின் நிழல் எந்தக் குழியின் விளிம்பைத் தொடுகிறதோ, அதுவே வழி.

ஹான்ஸ் என்னும் ஐஸ்லாந்து வழிகாட்டியுடன் இருவரும் இறங்குகின்றனர். உள்ளே ஒரு கடலையும், முற்காலப் பேருயிர்களையும், வானத்தை ஒத்த பெருங்குகையையும் காண்கின்றனர். இறுதியில் மற்றோர் எரிமலையின் சீற்றத்தால் மேலே வீசப்பட்டு, இத்தாலியின் ஸ்ட்ராம்போலித் தீவில் வந்து விழுகின்றனர்.

அச்சம் பிறக்கும் இடம்

இப்புதினத்தில் என்னை மிகவும் அச்சுறுத்தியவை அந்தப் பேருயிர்கள் அல்ல. நீர், விளக்கு, வழி ஆகிய மூன்றே. மேலே இம்மூன்றும் இல்லாமற்போனால் எவரையேனும் கேட்டுக்கொள்ளலாம். கீழே கேட்பதற்கு ஆள் இல்லை. வெர்ன் இம்மூன்றையும் ஒவ்வொன்றாகப் பறிக்கிறார். தவறான கிளையில் சென்று திரும்புவதற்குள் குடிநீர் தீர்ந்துவிடுகிறது. தமக்கென வைத்திருந்த கடைசி மடக்கு நீரைப் பேராசிரியர் மருமகனுக்குக் கொடுக்கிறார். முரட்டு மனிதராகவே நாம் அறிந்திருந்த அவரை அந்த ஒரு மடக்கு நீர் நமக்கு மாற்றிக் காட்டுகிறது. பின்னர் ஹான்ஸ் பாறையில் காதை வைத்துக் கேட்டு, கடப்பாறையால் துளைத்து, கொதிக்கும் நீரை வரவழைக்கிறான். அந்த ஓடையே அவர்களுக்கு வழித்துணையாகிறது.

ஒருநாள் ஆக்சல் ஓடையைத் தவறவிடுகிறான். விளக்கும் விழுந்து பழுதாகி மெல்ல அணைகிறது. அந்த இருளில் எங்கிருந்தோ மாமாவின் குரல் பாறை வழியே கேட்கிறது. குரல் போய்த் திரும்ப 40 வினாடி. எனவே ஒரு வழிக்கு 20 வினாடி. ஒலி வினாடிக்கு 1,020 அடி செல்லுமாயின் இடைத்தூரம் 20,400 அடி என்று கணக்கிடுகின்றனர். இந்தக் கணக்கை நான் சரிபார்த்தேன். அவை பழைய பிரெஞ்சு அடிகள். ஓர் அடிக்கு 32.48 சென்டிமீட்டர். பெருக்கினால் வினாடிக்கு 331 மீட்டர் வருகிறது. குளிர்ந்த காற்றில் ஒலியின் வேகமும் அதுவே! உயிர் ஊசலாடும் வேளையில் கதைமாந்தன் கணக்குப் போடுகிறான். கணக்கும் சரியாக இருக்கிறது. கற்பனையை நம்பச் செய்யும் வித்தை இதுதான்: பெரிய பொய் ஒன்றைச் சொல்லுமுன் சிறிய உண்மைகள் நூற்றைச் சொல்ல வேண்டும்.

அறிவியல் என்ன சொல்கிறது?

அந்தப் பெரிய பொய் எது? உள்ளே வெப்பம் இல்லை என்பதே. ஆழம் செல்லச் செல்ல வெப்பம் ஏறும் என்பதைக் கதையில் ஆக்சலே வாதிடுகிறான். பேராசிரியரோ, எரிமலைக்குக் காரணம் உள்வெப்பம் அன்று, நிலத்தடி உலோகங்கள் நீருடன் சேர்ந்து எரிவதே என்கிறார். இது வெர்ன் புனைந்ததன்று. 1807இல் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் பிரித்தெடுத்த ஹம்ஃப்ரி டேவி முன்வைத்த கருத்து.

இருவரில் யார் சரி? புவியின் மேலோட்டில் கிலோமீட்டருக்குச் சராசரியாக 25 முதல் 30 டிகிரி வரை வெப்பம் உயர்கிறது. ஆகவே ஆக்சல் பக்கமே நியாயம். ஆயினும் அதே கணக்கை மையம்வரை நீட்டினால் ஒன்றரை லட்சம் டிகிரிக்கு மேல் வரும், அதுவும் தவறு. ஆழத்தில் உள்ள பாறைகள் பல கோடி ஆண்டுக் காலத்தில் மெல்ல மெல்லப் புரண்டு வெப்பத்தை மேலே கொண்டு வருவதால், அங்கு வெப்பம் அவ்வளவு விரைவாக ஏறுவதில்லை. மையத்தின் வெப்பம் 5,000 டிகிரிக்கு மேல் என மதிப்பிடப்படுகிறது.

இறங்காமலேயே இதை எவ்வாறு அறிந்தனர்? நிலநடுக்க அலைகள் புவியை ஊடுருவி வரும்போது வளைவதையும் மறைவதையும் அளந்து அறிந்தனர். 1906இல் ஓல்டாம், உள்ளே ஒரு கரு உண்டு என்றார். 1936இல் டென்மார்க்கைச் சேர்ந்த இங்கே லேமன் என்னும் பெண் அறிஞர், அக்கருவின் நடுவே மற்றொரு கரு உண்டு எனக் கண்டார். புவிக்குள்ளும் பாறை வழியே வந்த ஓசையே வழிகாட்டியது என்பதை எண்ணும்போது, இருளில் மாமாவின் குரலைக் கேட்ட ஆக்சல் என் நினைவுக்கு வருகிறான்.

தாத்தாவின் கேள்வி

என் தாத்தா வட ஆர்க்காட்டுச் சிற்றூரிலிருந்து கோலார் தங்கவயலுக்குச் சென்று சுரங்கத்தில் உழைத்தவர். 2001இல் மூடப்பட்ட அச்சுரங்கங்கள் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் சென்றவை. அங்கு பாறையின் வெப்பம் 60 டிகிரிக்கு மேல். குளிரூட்டிய காற்றைச் செலுத்தினால்தான் வேலை செய்ய முடியும். விடுமுறையில் அவருக்கு இக்கதையைச் சொன்னேன். கடலையும் பேருயிர்களையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்:

"ஏம்பா, மூட்டை தூக்கிட்டுப் போனானே, அவனுக்குக் கூலி குடுத்தாங்களா?"

நான் திகைத்தேன். படிக்கும்போது நான் கவனிக்காமல் கடந்த செய்தி அது. விடுதிக்குத் திரும்பி நூலைப் புரட்டினேன். கொடுத்திருக்கிறார்கள்! வாரத்திற்கு மூன்று வெள்ளிக் காசு, சனிக்கிழமை மாலைதோறும். பாதாளக் கடலில் கட்டுமரத்தில் மிதக்கும்போதுகூட, சனிக்கிழமை வந்ததும் ஹான்ஸ் கையை நீட்டுகிறான். அதை நகைச்சுவை என்று எண்ணி நான் சிரித்துவிட்டு நகர்ந்திருந்தேன். தாத்தாவிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "கணக்கான ஆளு" என்றார்.

அதன் பிறகே எனக்கு ஒன்று விளங்கியது. பேராசிரியருக்குப் பாதாளம் புகழ், ஆக்சலுக்கு அச்சம், ஹான்சுக்கு அது வேலை. அவனே நீரைக் கண்டான். அவனே கட்டுமரத்தைக் கட்டினான். ஊர் திரும்பியபோது புகழ் பேராசிரியருக்குச் சென்றது.

முடிவாக

கோலார்ச் சுரங்கத்திற்கு இன்னொரு பெருமையும் உண்டு. 1965இல் இரண்டு கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் கருவிகளை வைத்து, வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களின் தடயத்தை அறிவியலார் அங்கே பதிவு செய்தனர். விண்ணிலிருந்து வருவதை அறிய மண்ணுக்குள் இறங்கினர்! அக்கருவிகள் நின்ற தளத்தை வெட்டியவர்களின் பெயர்கள் எந்த ஆய்வுக் கட்டுரையிலும் இரா.

மாணவ நண்பர்களே! சாகசப் புதினங்களைத் தயங்காமல் படியுங்கள். அவற்றின் அறிவியல் பழசாகலாம். அவை எழுப்பும் கேள்விகள் பழசாவதில்லை. படித்த பின், வீட்டில் உள்ள பெரியவர் ஒருவரிடம் அக்கதையைச் சொல்லிப் பாருங்கள். நம் கண்ணில் படாத ஒரு வரி அவர் காதில் விழும்.