சொல் வந்த வழி – 14: ஏலமும் பாக்கியும்

சென்ற வாரம் போர்த்துகீசியர் விட்டுப்போன சாவியையும் அலமாரியையும் பார்த்தோம். அவர்கள் கப்பலில் இரவல் சரக்கும் கொஞ்சம் இருந்தது. அதில் ஒன்று, ஏலம்.

புதுச்சேரியின் பாகூர் கொம்யூனில் கடலோர ஊர் பனித்திட்டு. படகு கரையேறியதும் வலையிலிருந்து உதறிய மீன் மணலில் குவிகிறது. ஒருவர் விலை கூவ, சுற்றி நிற்கும் பெண்கள் பத்தும் இருபதுமாக ஏற்றுகிறார்கள். கடைசி விலை கேட்டவருக்கு மீன். இந்த 'ஏலம்' போர்த்துகீசிய மொழியின் 'லெய்லாவ்'. அதற்கு மூலம் அரபியின் 'அல்-இஃலாம்', அதாவது அறிவிப்பு என்பது சொல்லாய்வாளர் கருத்து. பாரசீகத்தில் 'ஏலாம்' இன்றும் அறிவிப்புதான். துருக்கியிலோ 'இலாம்' என்றால் நீதிமன்றத் தீர்ப்பின் எழுத்துப் பிரதி. இந்திக்காரர் வாயில் அந்த 'லெய்லாவ்' 'நீலாம்' ஆயிற்று.

கடல் வழி வந்த இன்னொரு சொல் மாலுமி. அரபியில் 'முஅல்லிம்' என்றால் கற்பிப்பவர். இந்தியப் பெருங்கடலில் கப்பலுக்கு வழி சொன்னவரையும் அப்படியே அழைத்தார்கள். பாரசீகத்திலும் ஆப்பிரிக்கக் கரையின் சுவாஹிலியிலும் அந்தச் சொல்லுக்கு இன்றும் ஆசிரியர் என்றே பொருள். நாம் வாத்தியாரை விட்டுவிட்டுக் கப்பல்காரரை எடுத்துக்கொண்டோம்.

பனித்திட்டிலிருந்து மேற்கே போனால் பாகூர் ஏரிப் பாசனத்து நெல்வயல்கள். இங்கே பேச்சில் புழங்கும் அரபுச் சொற்கள் தரை வழியாக வந்தவை. 1750-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வில்லியனூரும் பாகூரும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தன. கொடுத்தவர்கள் ஆற்காட்டு நவாப் சந்தா சாகிபின் தரப்பார். அவர்களின் ஆட்சிமொழி பாரசீகம். வரி, நிலம், வழக்கு என்று எல்லாக் கணக்கும் அரபுச் சொல் நிறைந்த பாரசீகத்தில் ஓடிய காலம் அது. பிரெஞ்சுக்காரரின் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளையின் தமிழ் நாட்குறிப்பே அதற்குச் சாட்சி.

அந்த வழியில் வந்தது மகசூல். அரபியில் 'மஹ்சூல்' விளைச்சல்; துருக்கியிலும் அதுவே. வடக்கே உருதுவில் 'மஹ்சூல்' வரியாகிவிட்டது. விளைந்ததை அளந்தவுடன் வரி கேட்ட ஆட்சி அது. சொல்லும் களத்திலிருந்து கஜானாவுக்குப் போய்விட்டது. தமிழ் விவசாயி மட்டும் 'இந்தப் போகம் மகசூல் எப்படி?' என்று நெல்லைத்தான் கேட்கிறார்.

பசலியின் கதை நேர்மாறு. அரபியில் 'ஃபஸ்ல்' பகுதி, பருவம்; துருக்கியில் நூலின் அத்தியாயம்; இந்தியில் பயிர். நமக்கோ அது வருவாய்த்துறையின் ஆண்டுக் கணக்கு. ஹிஜ்ரி ஆண்டு சந்திரனைப் பின்பற்றுவதால் அறுவடையோடு ஒட்டாது. அதனால் முகலாயர் அதைச் சூரிய ஆண்டாக்கி வரி வாங்கினார்கள். தமிழ்நாட்டில் 2024 ஜூலை 1 அன்று தொடங்கியது 1434-ஆம் பசலி.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது பாக்கி. அரபியில் 'அல்-பாக்கி' இறைவனின் திருநாமங்களில் ஒன்று, என்றும் நிலைத்திருப்பவன். 16-ஆம் நூற்றாண்டின் பெரும் உதுமானியக் கவிஞர் அதையே புனைபெயராக வைத்துக்கொண்டார். துருக்கியில் இன்றும் 'பாக்கி' என்றால் நிலையானது. பாகூர்ச் சந்தையில் பாக்கி என்றால் மளிகைக்கடைக் கடன். அதுவும் பலருக்கு நிலையானதுதான்!

பிறந்த ஊரின் பொருளைச் சொல் கட்டிக்கொண்டு அழுவதில்லை; யார் கையில் இருக்கிறதோ அவர் தொழிலைச் செய்கிறது. அரசு ஆணையிட்டதும் தாசில்தார் வட்டாட்சியர் ஆனார், ஜில்லா மாவட்டமானது. அவை அலுவலகச் சொற்கள். பலகையை மாற்றினால் போதும். மகசூல், பாக்கி, ஏலம் மூன்றும் ஆணைக்கு அசையவில்லை. கணக்குப் புத்தகத்தில் 'நிலுவை' என்று எழுதும் கடைக்காரரும் வாயைத் திறந்தால் 'பாக்கி எப்போ தருவே?' என்றுதான் கேட்கிறார்.

உங்கள் வீட்டுப் பெட்டியில் தாத்தா காலத்துப் பத்திரம் இருந்தால் எடுத்துப் படியுங்கள். இனாம், மிராசு, தபசில், ஷரா என்று எத்தனை அகப்படுகின்றன என்று எழுதி அனுப்புங்கள். அடுத்த வாரம் அவற்றிலிருந்தே தொடங்குவோம்.