பி.எப்.போடு பென்ஷனும் போச்சு!
ஒரே நாளில் சேர்ந்த 2 தொழிலாளர்கள்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டியவர்கள் இருவர். 2014 கடைசியில் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தார்கள். 4 வருடத்தில் இருவரும் வேறு கம்பெனிக்கு மாறினார்கள். அங்கே 6 வருடம். பிறகு 58 வயதில் ஓய்வு.

இப்போது ஒருவருக்கு மாதம் 2 ஆயிரம் ரூபாய் பென்ஷன். மற்றவருக்குப் பென்ஷனே இல்லை!

காரணம் என்ன?

கம்பெனி மாறியபோது, மகள் கல்யாணச் செலவுக்காக பி.எப். பணத்தோடு பென்ஷன் பணத்தையும் அவர் எடுத்துவிட்டார். அந்த 4 வருட சர்வீஸ் அதோடு தீர்ந்தது. மாத பென்ஷனுக்கு 10 வருடம் வேண்டும். மிஞ்சியது 6தான்!

கணக்கு இதுதான்

முதலாளி செலுத்தும் பங்கில், சம்பளத்தின் 8.33 சதவீதம் பென்ஷன் நிதிக்குப் போகிறது. கடைசி 60 மாதச் சராசரி சம்பளத்தை (அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும்) சர்வீஸ் வருடத்தால் பெருக்கி, 70-ஆல் வகுக்க வேண்டும். நண்பரின் சராசரி 14 ஆயிரம். 10 வருடத்தால் பெருக்கி, 70-ஆல் வகுத்தால் 2 ஆயிரம்!

வேலை மாறும்போது அவர் செய்தது ஒன்றே. 10-சி பாரத்தில் பணம் கேட்காமல், 'ஸ்கீம் சர்டிபிகேட்' வாங்கிப் புதுக் கம்பெனியில் கொடுத்தார். பழைய சர்வீஸ் சேர்ந்துகொண்டது.

"அவசரத்துக்கு எடுத்தேண்ணே... ஆயுசுக்கும் போச்சு" என்கிறார் மற்றவர்.