மலையக மக்களின் மனச்சுமை உணரப்பட வேண்டும்

பெருந்தோட்ட மக்களின் சம்பளம், வீடு, காணி ஆகியவை பற்றிப் பேசப்படும் அளவுக்கு அவர்களது மனநலம் பற்றிப் பேசப்படுவதில்லை. நுவரெலியா, ஹட்டன் பகுதித் தோட்டங்களிலே தலைவலி, உடல்வலி, நெஞ்சுப் படபடப்பு, தூக்கமின்மை என்று கூறி மருந்து தேடிச் செல்வோர் பலர். தமக்கு மன அழுத்தம் இருப்பதாக அவர்கள் கூறுவதில்லை. மனம் சொல்ல மறுப்பதை உடல் சொல்கின்றது என்பதை நாம் உணர வேண்டியுள்ளது.

ஆபத்து எதிர்ப்படும்போது அட்ரினலின், கோர்ட்டிசோல் ஆகிய ஓமோன்கள் சுரக்கின்றன. இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் உயர்கின்றன, தசைகள் இறுகுகின்றன. இது உயிரைக் காப்பதற்கான இயற்கை ஏற்பாடு. ஆனால் நெருக்கடி நாள்தோறும் நீடிக்குமாயின் உடல் களைத்து நோய்க்கு இடமளிக்கின்றது என்பதை ஹான்ஸ் செல்யே என்ற விஞ்ஞானி 1936 ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வுகளில் விளக்கினார். எனவே மன அழுத்தம் என்பது கோழைத்தனமோ, பைத்தியமோ, விதியோ அல்ல.

வேலைப்பளு மாத்திரம் மனிதனை முறித்துவிடுவதில்லை. பளு மிகுந்திருக்க, அந்த வேலையைத் தீர்மானிக்கும் உரிமை தன்னிடம் இல்லாதபோதே பாதிப்பு அதிகரிக்கின்றது என்று ரொபர்ட் கராசெக் என்ற ஆய்வாளர் 1979 ஆம் ஆண்டிலே எடுத்துக்காட்டினார். கொழுந்து பறிக்கும் பெண்ணின் நாளுக்கு இது அப்படியே பொருந்துகின்றது. எந்த மலையில் பறிப்பது, எத்தனை கிலோ பறிப்பது என்பவற்றை அவள் தீர்மானிப்பதில்லை. வரட்சியால் கொழுந்து குறைந்து, கேட்ட நிறை வராவிட்டால் அரைப்பேர்தான். மாலையில் மடுவத்திலிருந்து திரும்பியதும் சமையலும் பிள்ளைகளும் காத்திருக்கின்றன. அடிப்படை நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அதனை 1,750 ரூபாவாக்குவதாக 2025 நவம்பரில் வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டபோதும், அதில் 200 ரூபா வருகைக்கான கொடுப்பனவாகவே அமைந்தது. ஆக, களைப்பாறும் ஒரு நாள் வருமானம் இழக்கும் நாளாகிவிடுகின்றது.

இத்துடன் லயன் அறைகளின் நெரிசல், அடகுக் கடையில் உள்ள நகை, வெளிநாட்டில் வேலை செய்யும் தாயைப் பிரிந்த பிள்ளைகள் எனச் சுமைகள் சேர்கின்றன. 2014 ஒக்டோபரில் கொஸ்லந்த மீரியபெத்த தோட்டம் மண்ணுள் புதையுண்டதும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போது மலையகமெங்கும் மண்சரிவுகள் ஏற்பட்டதும் அடைமழை இரவுகளில் அச்சத்தை விதைத்துள்ளன. தோட்டச் சம்பளத்தை நம்பிக் கடை நடத்தும் ஹட்டன், தலவாக்கலை நகரங்களின் தமிழ், முஸ்லிம் வர்த்தகர்களும் இந்நெருக்கடிக்கு வெளியே இல்லை. கடன் கொப்பியில் தீராத கணக்கு வாங்கியவரின் உறக்கத்தையும் கொடுத்தவரின் உறக்கத்தையும் ஒருசேரக் கெடுக்கின்றது.

இச்சுமையை மறக்க மதுவை நாடுவோர் பலர். மது சில மணிநேர மறதியைத் தரலாம். ஆனால் அது ஆழ்ந்த உறக்கத்தைக் கெடுத்து, மறுநாளின் பதற்றத்தைக் கூட்டுகின்றது. சம்பளப் பணம் கரைவதும் வீட்டில் சண்டை மூள்வதும் கைகண்ட விளைவுகள். அந்தச் சுமை மனைவி, பிள்ளைகளின் தலையிலே இறங்குகின்றது.

செலவில்லாத, பயனுள்ள வழிகள் உள்ளன. முதலாவது, மனதிலுள்ளதை நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் சொல்லுதல். இரண்டாவது, கவலைகளைத் தரம் பிரித்தல்: இன்று செய்யக்கூடியது எது, பிறருடன் சேர்ந்து செய்யவேண்டியது எது, நம் கையில் இல்லாதது எது என்று பிரித்துப் பார்த்தால் பாரம் குறையும். மூன்றாவது, மூச்சை மெதுவாக இழுத்து அதனிலும் மெதுவாக வெளிவிடும் பயிற்சி. இதனைச் சில நிமிடங்கள் செய்தால் படபடப்பு தணியும். உறங்கும் நேரத்தை ஒழுங்குபடுத்துவதும், இரவில் கையடக்கத் தொலைபேசியை ஒதுக்கி வைப்பதும் நன்மை தரும். வழிபாடும் தொழுகையும் மனதுக்கு ஆறுதல் அளிப்பவை. ஆயினும் அவை வைத்தியத்துக்குத் துணையாகுமேயன்றி மாற்றாகா.

சோர்வும் எதிலும் நாட்டமின்மையும் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் தாமதிக்காது வைத்தியரை நாட வேண்டும். வாழவே வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அதனை வெறும் பேச்சென ஒதுக்கக் கூடாது. அவரைத் தனியே விடாமல் அன்றே உதவி பெற்றுக்கொடுக்க வேண்டும். அரச வைத்தியசாலைகளில் உளநலச் சிகிச்சை இலவசமாகும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துடன் தொலைபேசியில் பேசலாம். தற்கொலை முயற்சி 1998 ஆம் ஆண்டிலிருந்து இந்நாட்டில் குற்றமல்ல. பொலிஸுக்கு அஞ்சி எவரும் சிகிச்சையைத் தவிர்க்க வேண்டியதில்லை.

எனினும், மூச்சுப் பயிற்சி செய்யுங்கள் என்று தொழிலாளிக்கு உபதேசித்துவிட்டு அரைப்பேரையும் ஒழுகும் கூரையையும் அப்படியே விட்டுவைப்பது நியாயமாகாது. அவ்வாறே, சம்பளம் உயரும்வரை மனநலத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்று காத்திருப்பதும் ஆபத்தானது. இவ்விரண்டும் ஒன்றாக நடைபெற வேண்டும். நிறை நிர்ணயத்தில் தொழிலாளரின் குரலுக்கு இடமளிப்பது தோட்ட நிர்வாகங்களின் பொறுப்பு. அதனைக் கூட்டு ஒப்பந்தப் பேச்சுகளில் வலியுறுத்துவது தொழிற்சங்கங்களின் கடமை. தமிழில் உரையாடக்கூடிய உளநல ஊழியர்களைத் தோட்ட மக்களுக்கு அருகில் நியமிப்பது அரசின் கடமை.

கோயில் பரிபாலன சபைகள், பள்ளிவாசல் நிர்வாகங்கள், தேவாலயங்கள், பாடசாலைகள் ஆகியவை மாதத்தில் ஒரு நாளையாவது மக்களின் மனக்குறை கேட்க ஒதுக்கலாம். தலையில் சுமந்த கொழுந்தை மடுவத்தில் இறக்கிவைக்க முடிகின்றது. மனதில் சுமப்பதை இறக்கிவைக்கவும் ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தை அமைத்துக்கொடுப்பது எம் அனைவரதும் கடமையாகும்.