தோட்டாவின் குணம்

துப்பாக்கியைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதன் குழாயையும் குறியின் நுட்பத்தையும் புகழ்வார்கள். அதற்குள் போடும் தோட்டா எத்தகையது என்று விசாரிப்பவர்கள் சிலரே. ஆனால் தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கிகளின் சரித்திரத்தைப் பார்த்தால், ஒரு சிட்டிகை மருந்தின் வேறுபாடு எத்தனை குடும்பங்களைக் கண்ணீரில் ஆழ்த்தக்கூடும் என்பது விளங்கும்.

பழைய மாதிரித் துப்பாக்கியில், ஒவ்வொரு முறை சுட்ட பின்பும் சிப்பாய் தன் கையாலேயே தாழைத் திறந்து, வெற்றுக் கூட்டை வெளியே தள்ளி, புதுத் தோட்டாவை உள்ளே செலுத்த வேண்டும். மருந்தில் சிறிது ஏற்றத் தாழ்வு இருந்தாலும் கை அதைச் சமாளித்துவிடும். 1936-ல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட காரண்ட் துப்பாக்கியில் இந்த வேலை கையிடமிருந்து தோட்டாவுக்கு மாறியது. மருந்து வெடிக்கும்போது எழும் வாயுவில் ஒரு பங்கு, குழாயிலுள்ள சிறு துவாரத்தின் வழியே பிரிந்து யந்திரத்தைப் பின்னுக்குத் தள்ளுகிறது. தாழ் திறக்கிறது, கூடு வெளியே விழுகிறது, ஸ்பிரிங்கின் வேகத்தால் புதுத் தோட்டா உள்ளே போகிறது. விசையை இழுப்பது ஒன்றுதான் சிப்பாயின் பொறுப்பு.

ஆகையால் இத்தகைய துப்பாக்கிக்குத் தோட்டா வெறும் தீனி மட்டும் அன்று. யந்திரத்தை நடத்தும் சக்தியும் அதுவே. வாயுவின் பலம் குறைந்தால் தாழ் பாதி வழியில் நின்றுவிடும். மிகுந்தாலோ, பித்தளைக் கூடு இன்னும் அறையின் சுவரை இறுகப் பற்றியிருக்கும்போதே தாழ் அதை இழுக்கும். விளிம்பு பிய்ந்து கூடு உள்ளேயே சிக்கிக்கொள்ளும். பம்ப் ஸ்டவ் எரித்த வீடுகளில், அழுக்கு மண்ணெண்ணெய் ஊற்றினால் மூக்கு அடைத்துக்கொள்வதைப் பெண்மணிகள் அறிவார்கள். மருந்து விடும் கசடும் அவ்வாறே துப்பாக்கியின் வாயு வழியில் படியும். பழைய வகைத் தோட்டாக்களின் தீப்பொறி மருந்து வேறு ஒரு தொல்லையையும் தந்தது. அது எரிந்தபின் ஒரு வகை உப்பு மிஞ்சும். மழைக்காலத்து உப்பு ஜாடியைப் போல் அது ஈரத்தை இழுத்து இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும்.

இனி வியட்நாமில் நிகழ்ந்ததைப் பார்ப்போம். யூஜின் ஸ்டோனர் என்ற நிபுணர் அமைத்த ஏ.ஆர்.-15 என்ற துப்பாக்கியை அமெரிக்க ராணுவம் எம்-16 என்ற பெயரில் ஏற்றது. ஒற்றைக் குண்டாகவும் தொடர்ந்தும் சுடக்கூடியது அது. ஆரம்பத்தில் அதன் தோட்டாக்களில் டூபாண்ட் கம்பெனியின் குச்சி வடிவ மருந்து இருந்தது. குண்டு விநாடிக்கு 3,250 அடி வேகத்தில் பாய வேண்டும் என்று ராணுவம் விதித்தது. அந்த வேகத்தைக் குறிப்பிட்ட அழுத்தத்துக்குள் தருவது அம்மருந்துக்குக் கடினமாயிற்று. எனவே 1964-ல் உருண்டை வடிவமுள்ள வேறு மருந்துக்கு அனுமதி தரப்பட்டது.

புது மருந்து வேகத்தைத் தந்தது. கூடவே சங்கடத்தையும் கொண்டுவந்தது. நிமிஷத்துக்கு 850 குண்டுகளைத் தாண்டக்கூடாத துப்பாக்கி, 1,000 வரை ஓடத் தொடங்கியது. மருந்தில் சேர்த்திருந்த கால்ஷியம் கார்பனேட் வாயுக் குழாயில் கசடாகப் படிந்தது. இதனிலும் விசித்திரம் ஒன்று உண்டு. தொழிற்சாலையில் துப்பாக்கிகளைப் பரீட்சை செய்யும்போது பழைய மருந்தையே உபயோகிக்கச் சில காலம் இடம் தரப்பட்டது. பரீட்சை ஒரு மருந்தில். போர் வேறு மருந்தில்!

மருந்து மட்டுமே குற்றவாளி என்று சொல்வது நியாயமாகாது. தோட்டா அறைக்குக் குரோமியப் பூச்சு இல்லாததால் வியட்நாமின் ஈரக் காற்றில் அது அரித்துப்போயிற்று. இத்துப்பாக்கியை அதிகம் துடைக்க வேண்டியதில்லை என்ற எண்ணம் பரவியிருந்தது. துடைக்கும் சாமான்களும் போதவில்லை. கூடு சிக்கியபோது, எதிரியின் குண்டுகளுக்கு நடுவே, வாலிபர்கள் துப்பாக்கியின் வாய் வழியே கம்பியை விட்டு அதைக் குத்தித் தள்ள வேண்டியிருந்தது. கம்பியும் இல்லாதவன் கதி என்ன?

சிப்பாய்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் பத்திரிகைகளை எட்டின. பின்னர் அமெரிக்கக் காங்கிரஸையும் எட்டின. 1967 மே மாதத்தில் ரிச்சர்டு ஐகார்டு தலைமையில் ஓர் உபகமிட்டி விசாரணையைத் தொடங்கியது. போதிய சோதனையின்றி மருந்தை மாற்றியதே கோளாறுகளுக்கு முக்கிய காரணம் என்று அக்டோபரில் அது அறிக்கை தந்து, அதிகாரிகளைக் கடுமையாகக் கண்டித்தது. பிறகு அறைக்குக் குரோமியப் பூச்சு வந்தது. வேகத்தைத் தணிக்கும் உறுப்பு மாற்றப்பட்டது. துடைக்கும் சாமான்கள் தாராளமாக வழங்கப்பட்டன. வில் ஐஸ்னர் என்ற சித்திரக்காரர் வரைந்த படக்கதைப் புத்தகம் ஒன்று, 1968-ல், துப்பாக்கியைப் பேணும் முறையைச் சிப்பாய்களுக்குச் சிரிக்கச் சிரிக்கக் கற்றுத்தந்தது. துப்பாக்கியின் பெயரும் நாளடைவில் மீண்டது.

யந்திரமும் அதன் தீனியும் இரண்டல்ல, ஒன்றே. ஒன்றை மாற்றுகிறவர் மற்றதையும் உடன் சோதித்தாக வேண்டும். மேஜையின் முன் அமர்ந்து செய்யும் மாற்றத்துக்கு, மேஜையையே கண்டிராத ஒரு பிள்ளை தன் உயிரை விலையாகக் கொடுக்கும்படி விடலாகாது.